யாருடைய சாலை? - ஹவுரா மாவட்டச் சாலைப் படத்தின் வரலாறு

ஹவுரா என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன இரண்டே. ஒன்று புகைவண்டி நிலையம், மற்றொன்று பாலம். நம் ஊரில் ஹவுரா மெயில் என்று வழங்கும் வண்டியில் ஒரு பகலும் இரவும் அமர்ந்து வந்து இறங்குகிறோம். மூட்டை முடிச்சுகளைச் சுமந்து பாலத்தைக் கடந்து கொல்கத்தாவுக்குள் புகுந்துவிடுகிறோம். நமக்குப் பின்னால், ஆற்றின் மேற்குக் கரையில், ஹவுரா என்னும் பெயருடைய ஒரு மாவட்டம் முழுவதும் கிடக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் நம்முள் மிகச் சிலர். பல ஆண்டுகள் இக்கரையில் குடியிருந்தும், நாமும் அந்தப் பலருள் ஒருவராகவே இருந்தோம்.

அந்த மாவட்டத்தின் சாலைகளின் மீது நம் கருத்து சென்றதற்குக் காரணம் அலுவலகத்தில் வந்த ஒரு சிறு வேலை. மைய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர்க்குப் பலவகைத் தாள்களும் வந்து சேரும். ஒரு சமயம் சாலைகளைப் பற்றிய அட்டவணை ஒன்று தமிழாக்கத்துக்கு வந்தது. தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை, கிராமச் சாலை என்று தமிழ்நாட்டு அரசு வழங்கும் சொற்கள் ஆயத்தமாகவே இருந்தமையால், தலைப்புகளை எளிதில் முடித்துவிட்டோம். கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒரு தடை நேர்ந்தது. ஒவ்வொரு சாலைக்கும் எதிரே 'யாருடையது' என்று கேட்கும் ஒரு பத்தி. உரிமை என்று பெயர்ப்பதா, பராமரிப்பு என்பதா, பொறுப்பு என்பதா? சாலைக்கு உரிமையாளர் உண்டோ, அது எல்லோருக்கும் பொதுவானதன்றோ என்று எண்ணிக்கொண்டே, 'பொறுப்பு' என்று எழுதி அனுப்பிவிட்டோம்.

அச்சொல்லின் பொருள் பின்னர் ஒரு மழைக்காலத்தில்தான் விளங்கிற்று. வங்காள நண்பர் ஒருவர் வீட்டுத் திருமணத்திற்காக மாவட்டத்தின் உட்பகுதிக்குப் பேருந்தில் சென்றோம். வழவழப்பான தார்ச் சாலையில் ஓடிக்கொண்டிருந்த பேருந்து ஒரு கடைத்தெருவைத் தாண்டியதும் படகைப் போல ஆடத் தொடங்கிற்று. திடீரென்று குழியும் சேறும். கோடு கிழித்தாற்போல ஓரிடத்தில் நல்ல சாலை நின்றது. அந்தக் கோட்டுக்கு அப்பால் கெட்ட சாலை. பேருந்து நின்ற இடத்தில் தேநீர்க் கடைக்காரரிடம், "என்ன தாதா, சாலை இங்கே இப்படி ஆயிற்றே?" என்று கேட்டோம். அவர் அடுப்பினின்றும் முகம் எடுக்காமலே, "அதுவரை ஓர் அலுவலகம், இதற்கு மேல் வேறோர் அலுவலகம், அந்த அலுவலகத்தைக் கேட்டால் அது மூன்றாவது அலுவலகத்தைக் காட்டும்" என்றார். பக்கத்திலிருந்த முதியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "ஏ ராஸ்தா கார்?" என்றார். 'இந்தச் சாலை யாருடையது?' என்பது அதன் பொருள். நாம் அட்டவணையில் அசட்டையாக நிரப்பிய அதே பத்தி!

அன்று தொடங்கி ஓய்வு நேரங்களில் ஹவுராவின் பழைய படங்களையும் விவர நூல்களையும் புரட்டி வந்தோம். ஒரு மாவட்டத்தின் சாலைப் படம் என்பது வழி காட்டும் தாள் மட்டுமன்று. எந்தத் துண்டு நிலத்துக்கு யார் பணம் கொடுக்கவேண்டும், மதகு அடைத்தால் யாரைக் கேட்கவேண்டும் என்று சொல்லும் ஆவணமும் அதுவே. அந்த இரண்டாவது படம் உருவாக இங்கே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

முதலில் நிலத்தின் இயல்பைச் சொல்லவேண்டும். ஹவுரா மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,467 சதுரக் கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடவும் சற்றுச் சிறியது. கிழக்கே ஹூக்ளி ஆறு, மேற்கே ரூபநாராயண், நடுவே தாமோதர் நதி. மலையில்லை, மேடில்லை. ஆற்றங்கரைகள் மட்டும் சற்று உயர்ந்தும், ஆற்றுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் தட்டைப் போலக் குழிந்தும் இருக்கும். ஆகவே இங்கே ஊர்களும் பழைய பாதைகளும் ஆற்றங்கரையையே பற்றிச் சென்றன. சரஸ்வதி, காணா தாமோதர் முதலிய ஆறுகள் நீர் வற்றிக் கால்வாய் போல் ஒடுங்கிய பின்னும், அவற்றின் கரைமேட்டில் சென்ற பாதைகள் நிலைத்துவிட்டன. ஆந்துல் சரஸ்வதிக் கரை ஊர். ஜகத்வல்லபபூர் காணா தாமோதரை ஒட்டியது. வயலுக்கு நடுவே காரணமின்றிச் சாலை வளைந்து வளைந்து போவதைக் கண்டால், அங்கே ஒரு காலத்தில் ஆறு இருந்தது என்று கொள்ளலாம். உயர்த்திக் கட்டிய பாதைக்கு வங்காள மொழியில் 'ஜாங்கால்' என்று ஒரு பழஞ்சொல் உண்டு. அணைக்கரையையும் அது குறிக்கும், சாலையையும் குறிக்கும். கரைதான் பாதை, பாதைதான் கரை என்று வாழ்ந்த மக்களுக்கு ஒரே சொல் போதுமாயிருந்தது.

இந்த நிலத்தை முதன்முதலாக முறைப்படி அளந்து படமாக்கியவர் ஜேம்ஸ் ரென்னல் என்னும் ஆங்கிலேயர். 1742இல் பிறந்து, கப்பற்படையில் வளர்ந்தவர். 1764இல் வங்காளத்து ஆறுகளை அளக்கத் தொடங்கி, 1767இல் வங்காளத்தின் தலைமை நில அளவையாளர் ஆனார். அப்போது அவருக்கு வயது 24. திசைகாட்டியும், உருட்டிச் சென்று தூரம் அறியும் அளவுச் சக்கரமுமே அவருடைய கருவிகள். 1766இல் பூட்டான் எல்லைப் பக்கம் ஆயுதமேந்திய துறவியர் கூட்டம் ஒன்றினால் வெட்டுண்டு உயிர் தப்பியது பெரும்பாடாயிற்று. 1777இல் நாடு திரும்பியவர், மறு ஆண்டே வங்காளம், பீகார்ச் சாலைகளைப் பற்றித் தனி நூல் ஒன்றை வெளியிட்டார். 1779 முதல் அவருடைய வங்காள அட்லஸ் வெளிவந்தது.

ரென்னலின் படத்தில் சாலை என்பது படை நடக்கும் வழி, தபால் ஓடும் வழி, வரிப்பணம் வந்துசேரும் வழி. கோட்டைக்கும் கோட்டைக்கும் இடையே எத்தனை மைல், நடுவில் எந்த ஆற்றைக் கடக்கவேண்டும் என்பதே அதற்குத் தேவை. உழவன் தன் நெல்லைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வரப்புப் பாதை அதில் இடம்பெறவில்லை. கும்பினியார்க்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. 'இந்தச் சாலை யாருடையது' என்ற கேள்விக்கு அந்தக் காலத்தில் விடை சுலபம்: படமாக்கப்பட்டது கும்பினியுடையது, மற்றவை ஜமீன்தாருடைய கருணையைப் பொறுத்தவை.

ஹவுராவினின்றும் புறப்பட்ட மூன்று பெருவழிகள் அக்காலத்தில் பேர்பெற்றவை. சால்கியாவில் தொடங்கி வடமேற்காகக் காசிக்குப் போன பழைய பனாரஸ் சாலை முதலாவது. பின்னால் பர்த்வான் வழியாகப் புதிய பெருஞ்சாலை சீர்பெற்றதும் பழையது கவனிப்பாரற்றுப் போயிற்று. இன்றும் பனாரஸ் ரோடு என்ற பெயர் மட்டும் நெரிசல் மிக்க ஒரு தெருவுக்கு எஞ்சியிருக்கிறது. இரண்டாவது, ஷிப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் அருகிருந்து பாலி வழியாக வடக்கே செல்லும் கிராண்ட் டிரங்க் சாலை. அந்தத் தோட்டம் 1787இல் நிறுவப்பட்டது. அங்குள்ள பெரிய ஆலமரத்தைப் பார்த்திராத தமிழ்க் குடும்பம் ஹவுராவில் இராது. மூன்றாவது, உலுபேரியாவிலிருந்து மேதினிபூர் வழியாகப் பூரிக்குச் சென்ற ஒரிஸ்ஸா பெருஞ்சாலை. ஜகந்நாதர் சாலை என்பதும் அதன் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதனைச் செப்பனிடக் கல்கத்தாச் செல்வர் ராஜா சுகமய் ராய் ஒன்றரை லட்சம் ரூபாய் அளித்தார். பல்லாயிரம் யாத்திரிகர் படகில் உலுபேரியா வந்து, அங்கிருந்து கால்நடையாகவே ஜகந்நாதரைக் காணச் சென்றார்கள். 1900இல் கோலாகாட்டில் ரூபநாராயண் மீது இரயில் பாலம் அமைந்து ஹவுராவுக்கு நேர்ப்பாதை கிடைத்ததும், நடைவழி வெறிச்சோடிற்று. அந்த இரயில் பாதையிலேதான் நம் சென்னை மெயிலும் வருகிறது.

நில அளவையில் நம் நாட்டுக்கும் வங்காளத்துக்கும் உள்ள உறவை இங்கே ஒரு சொல் சொல்லிச் செல்வது பொருந்தும். வில்லியம் லாம்ப்டன் 1802இல் பறங்கிமலையில் அளந்த அடிக்கோட்டிலிருந்து எழுந்தது பெரு முக்கோண அளவை. அதே அளவைக்காக 1831-32இல் எவரெஸ்ட் துரை கல்கத்தாவுக்கு வடக்கே பாரக்பூர்ப் பெருஞ்சாலையின் நெடுகே மற்றோர் அடிக்கோட்டை அளந்தார். நேராகவும் சமமாகவும் கிடைத்த நிலம் அந்தச் சாலை ஒன்றே! அதன் இரு முனைகளிலும் எழுப்பிய கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. தமிழ்நாட்டு ஏடுகளையும் கல்வெட்டுகளையும் தேடித் திரட்டிய காலின் மெக்கன்ஸி, இந்தியாவின் தலைமை நில அளவையாளராகிக் கல்கத்தா வந்து, 1821இல் இறந்து, பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். நம்மவர் யாரும் அங்கே ஒரு பூ வைத்ததாகத் தெரியவில்லை.

ஆயினும் முக்கோணங்களால் கிராமச் சாலை அகப்படாது. அதனைப் படத்துக்குக் கொண்டுவந்தது அளவைக் கருவியன்று, வரி. 1871இல் வங்காளத்தில் சாலைத் தீர்வைச் சட்டம் பிறந்தது. நிலத்தின் ஆண்டு மதிப்பில் ரூபாய்க்கு அரையணாவுக்கு மேற்படாத வரி. அதில் ஒரு பங்கு குடியானவர் தலையில், மற்றொரு பங்கு நிலக்கிழார் தலையில். 1793இல் செய்த நிரந்தர ஏற்பாட்டின்படி இனி நிலத்தின்மேல் புது வரி கூடாது என்று ஜமீன்தார்கள் கூக்குரலிட்டார்கள். சீமையில் வாதம் நடந்தது. முடிவில் வரி நின்றது. ஜில்லா தோறும் சாலைக் குழு அமைந்தது. 1885இல் தல சுயாட்சிச் சட்டம் வந்து, அக்குழுக்களின் வேலையை ஜில்லா போர்டுகளிடம் ஒப்படைத்தது. நம் பக்கத்தில் 1884ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஜில்லா போர்டு, தாலுகா போர்டுகளை வயதானவர்கள் பேச்சில் கேட்டிருப்போம். 'போர்டு ரோடு' என்ற சொல்லும் அவ்வாறு வந்ததே. ஏறத்தாழ அதே கதை.

இதனால் நேர்ந்தது என்ன? குடியானவன் அரையணாவில் தன் பங்கைக் கொடுத்தபின், 'என் ஊர்ச் சாலை எங்கே?' என்று கேட்கும் தகுதி பெற்றான். எந்தச் சாலைக்குச் செலவிடுவது என்று தீர்மானிக்கப் பட்டியல் வேண்டும். பட்டியலில் சேர்க்கச் சாலைக்குப் பெயரும், தொடங்கும் ஊரும், முடியும் ஊரும், நீளமும் வேண்டும். பெயரில்லாத பாதைகளுக்கு இரண்டு ஊர்ப் பெயர்களைச் சேர்த்து ஒரு பெயர் சூட்டினார்கள். ஹவுரா - ஆம்தா சாலை, பாக்னான் - ஷியாம்பூர்ச் சாலை என்று இன்றும் வழங்கும் இரட்டைப் பெயர்கள் இத்தகைய பட்டியல்களின் வழக்கையே காட்டுகின்றன. 1876இல் வெளியான ஹன்டரின் விவரத் தொகுதியையும், 1909இல் ஓமாலியும் மன்மோகன் சக்கரவர்த்தியும் எழுதிய ஹவுரா கெஜட்டியரையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு, சாலை என்பது படையின் பொருளாக இருந்த நிலை மாறி ஜில்லாவின் கணக்குப் பொருளாக ஆகிவந்தமை புலப்படும்.

ஒரு விந்தையையும் குறிப்பிடலாம். 1843இல் ஹவுராவுக்குத் தனி மாஜிஸ்திரேட் வந்துவிட்டார். ஆனால் வருவாய் நிர்வாகத்தில் அது ஹூக்ளி ஜில்லாவின் பகுதியாகவே நெடுங்காலம் இருந்தது. முழு மாவட்டம் என்ற நிலை 1938ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியில்தான் கிடைத்தது. திருடனைப் பிடித்தால் ஹவுரா, நில வரி கட்டினால் ஹூக்ளி! இப்படி ஒரே மண்ணுக்கு இரண்டு தலைமையிடங்கள் இருந்தபோது, சாலையின் பொறுப்பாளர் யார் என்று கேட்டவன் தலை சுற்றியிருக்கும்.

சாலை பெருகியது, ஆனால் அதனுடன் சேர்ந்து ஒரு பெரிய துன்பமும் வந்தது. இதனைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். நீர் மேற்கிலும் வடக்கிலுமிருந்து தெற்கும் கிழக்கும் நோக்கி மெல்ல நகரும் தட்டை நிலத்தில், ஆறடி உயரம் மண்ணை வெட்டிப் போட்டு அதன்மேல் சாலை அமைத்தால், அது சாலை மட்டுமன்று, அணையும் ஆகிவிடும். போதிய மதகு வைக்காவிட்டால் ஒருபுறம் வயல் முழுகும். மறுபுறம் வண்டல் காணாமல் வயல் மெலியும். தேங்கிய நீரில் கொசு பெருகும். 1860களில் பர்த்வான், ஹூக்ளிப் பகுதிகளில் பரவிய கொடுங்காய்ச்சலில் ஊர் ஊராக மக்கள் மாண்டனர். 1864இல் அதனை ஆராய அமைந்த குழுவில் ராஜா திகம்பர் மித்ரா என்ற வங்காளப் பெரியவர் ஓர் உறுப்பினர். நீர் வடியும் இயற்கை வழிகளை இரயில் கரைகளும் சாலைக் கரைகளும் அடைத்துவிட்டதே நோய்க்குக் காரணம் என்று அவர் வாதித்தார். அன்று அதனை ஏற்காதார் பலர். அறுபது ஆண்டுகள் கழித்து, 1925இல், வங்காளப் பொதுச் சுகாதாரத் தலைவரான டாக்டர் பென்ட்லி மலேரியாவையும் விவசாயத்தையும் பற்றி எழுதிய நூலில் ஏறத்தாழ அதே கருத்தைத் தக்க புள்ளிவிவரங்களுடன் வலியுறுத்தினார். எகிப்தில் நீர்ப்பாசனப் பணி செய்து பேர்பெற்ற வில்லியம் வில்காக்ஸ் 1928இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவுகளிலும் வெள்ள நீரைத் தடுத்த கரைகளைக் கடுமையாகக் கண்டித்தார்.

காய்ச்சலுக்குக் காரணம் முற்றும் சாலைதான் என்று நாம் சொல்ல வரவில்லை; மருத்துவர்கள் அதில் பல காரணங்களைக் காண்கிறார்கள். ஆனால் ஒன்று மட்டும் உறுதியாகப் படுகிறது. சாலையைக் கோடாக வரைந்துவிட்டு, மதகைப் புள்ளியாகக்கூடக் குறிக்காத படம் பாதிப் படமே. சாலை ஒருவர் பொறுப்பு, அதன் அடியில் ஓடும் வாய்க்கால் வேறொருவர் பொறுப்பு, இரண்டும் சந்திக்கும் மதகு எவர் பொறுப்பும் அன்று என்ற நிலையில் எத்தனை வயல்கள் அழிந்தனவோ! நம்மூரில் சிலர் இந்தச் சிறுபாலத்தைக் 'கல்வெட்டு' என்றே சொல்லிவிடுகிறார்கள். ஆங்கிலச் சொல் நாவில் திரிந்ததுதான். ஆயினும் மழைக்காலத்தில் ஊரின் விதியை எழுதும் கல் அதுவேயாகையால், நாம் அச்சொல்லைத் திருத்த முற்படுவதில்லை.

தாமோதர் நதியின் செய்தி இன்னும் சிக்கலானது. இடது கரையில் இரயிலும் பெருஞ்சாலையும் நகரங்களும் இருந்தமையால் அதனைக் காக்கவேண்டி, 1850களின் பிற்பகுதியில் வலது கரை அணையில் ஏறத்தாழ 20 மைல் நீளத்தை அரசாங்கமே அகற்றிவிட்டது. வெள்ளம் வலப்புறம் பரவட்டும் என்பது கருத்து. கீழே இருந்த ஆம்தா, உதயநாராயண்பூர்ப் பகுதிகள் ஆண்டுதோறும் நீரை எதிர்பார்க்கும் பகுதிகளாயின. அங்கே உயர்ந்த சாலை போட்டால் வெள்ளம் தடைப்படும். போடாவிட்டால் மக்கள் தீவாகிவிடுவர். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் அமைந்து, அணைகள் எழுந்த பின்னும் இந்த இக்கட்டு முற்றும் தீரவில்லை. 1978 செப்டம்பர் வெள்ளத்தில் அப்பகுதி மக்கள் கூரைகளிலும் கரைகளிலும் ஏறி உயிர் பிழைத்ததை நேரில் கண்டவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

போர்டு சாலைகளைப் பற்றிப் பேசும்போது மார்ட்டின் இரயிலை மறக்கலாகாது. 1897இல் ஓடத் தொடங்கிய ஹவுரா - ஆம்தா சிற்றிரயில், இரண்டடி அகல இருப்புப்பாதையில் சாலையோரமாகவே ஊர்ந்து சென்றது. கடைகளின் வாசலைத் தொட்டுக்கொண்டு வண்டி போகும். சாலையில் பாதியைக் கும்பினி ஒன்று இரயிலுக்கு எடுத்துக்கொண்டால் மீதிப் பாதி யாருடையது என்ற வழக்கு எழாமலா இருந்திருக்கும்? 1971இல் அந்த இரயில் நின்றது. தண்டவாளம் கிடந்த இடங்களில் கடைகள் முளைத்தன.

இந்தியா முழுமைக்கும் சாலையை ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற எண்ணம் முதல் உலகப் போருக்குப்பின் மோட்டார் வண்டிகள் பெருகியபோது தோன்றிற்று. எம். ஆர். ஜெயகர் தலைமையில் 1927இல் ஒரு குழு அமைந்தது. பெட்ரோல் மீது தனி வரி விதித்து 1929இல் மத்திய சாலை நிதி உண்டாயிற்று. குடியானவனுடைய அரையணாவிலிருந்து மோட்டார்க்காரருடைய பெட்ரோலுக்குச் சுமை ஓரளவு நகர்ந்தது. 1934இல் இந்தியச் சாலைப் பேரவை நிறுவப்பட்டது. 1943 டிசம்பரில் நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர்கள்தான் நாம் மேலே கூறிய ஐந்து வகைப் பாகுபாட்டைச் செய்தார்கள். நன்கு விளையும் பகுதியில் எந்தக் கிராமமும் முக்கியச் சாலையிலிருந்து 5 மைலுக்கு மேல் விலகியிருக்கலாகாது என்று ஓர் அளவும் வகுத்தார்கள். 1946இல் சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைகளுக்கெனத் தனித் துறையே ஏற்பட்டது. 1947 ஏப்ரல் முதல் தேசிய நெடுஞ்சாலைகளின் பொறுப்பை மைய அரசு ஏற்றது. 1956இல் அதற்குத் தனிச் சட்டமும் வந்தது.

இதன்பின் மாவட்டத்தின் படத்தில் நிறங்கள் பிரிந்தன. சாலையோரக் கிலோமீட்டர்க் கல்லைப் பார்த்தாலே போதும். மஞ்சள் தலையிருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சைத் தலையிருந்தால் மாநில நெடுஞ்சாலை. மாநில நெடுஞ்சாலைகளும் மாவட்டச் சாலைகள் பலவும் இங்கே மாநில அரசின் பொதுப்பணித் துறையிடம் உள்ளன. பழைய ஜில்லா போர்டின் சாலைகள், 1963ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதன் இடத்துக்கு வந்த ஜில்லா பரிஷத்திடம் சேர்ந்தன. அதற்குக் கீழே பஞ்சாயத்துகள். 14 வட்டாரங்கள் கொண்ட இந்தச் சிறு மாவட்டத்தில் ஒரே சாலையில் பத்து மைல் போனால், இரண்டு மூன்று கைகளில் அது மாறி வரக்கூடும். தேநீர்க் கடைக்காரர் கூறியது இதைத்தான்.

பொறுப்பாளரைக் கண்டுபிடிக்க விரும்புவோர் மௌஜாப் படத்தைத் தேடவேண்டும். மௌஜா என்பது நம் வருவாய்க் கிராமம் போன்றது. ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரைந்த அந்தப் படத்தில் சாலை வெறும் கோடாக இராது. வயலைப் போலவே நீளமும் அகலமும் உள்ள ஒரு துண்டு நிலமாக, தனக்கென ஓர் எண்ணுடன் இருக்கும். அந்த எண்ணை இங்கே 'தாக்' என்பர். நம் சர்வே எண் போன்றது. 'கதியான்' எனும் உரிமைப் பதிவேட்டில் அந்த எண்ணைப் பார்த்தால், நிலத்தின் வகை 'ராஸ்தா' என்றும், அது யார் பெயரில் உள்ளது என்றும் எழுதியிருக்கும். நம் ஊரில் சாலைப் புறம்போக்கு என்று எழுதுகிறோமே, அதற்கு ஒப்பு. ஜமீன்தாரி 1953ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தபின் இவற்றுள் பல அரசின் பெயருக்கு மாறின. இதன் நடுவே, 1956இல் கல்கத்தாவில் பேராசிரியர் சிவபிரசாத் சட்டர்ஜியின் தலைமையில் தேசிய அட்லஸ் நிறுவனம் தொடங்கிற்று. அது பின்னாளில் மாவட்டந்தோறும் வெளியிட்ட திட்டப் படங்களில் சாலைகளின் தரமும் தலைமையிடங்களும் ஒரே தாளில் அடங்கின. ஆனால் மௌஜாப் படத்தின் நுட்பம் அந்தச் சிற்றளவுப் படத்துக்கு வாராது. அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் கதை முழுமையாகும்.

2000ஆம் ஆண்டு டிசம்பர் 25இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் இந்தப் படவேலைக்குப் புதிய கட்டாயத்தைக் கொண்டுவந்தது. சமவெளியில் 500 பேருக்கு மேல் வாழும் குடியிருப்பு ஒவ்வொன்றுக்கும் எக்காலத்தும் செல்லத்தக்க சாலை ஒன்றேனும் வேண்டும் என்பது அதன் நோக்கம். அதற்காக மாவட்டத்தின் எல்லாச் சாலைகளையும் முதலில் பட்டியலிட்டுப் படமாக்கவேண்டும். அதிலிருந்து இன்றியமையாத சாலைகளை மட்டும் பிரித்து அடிப்படை வலை ஒன்றை வகுக்கவேண்டும். அந்த வலையில் இடம்பெறாத பாதைக்கு இத்திட்டத்தில் பணம் கிடையாது. ரென்னலின் காலத்தில் படத்தில் இல்லாத பாதை வெறுமனே மறக்கப்பட்டது. இக்காலத்தில் அது பணமின்றி நிற்கிறது. சாலை வேண்டுவோர் இன்று முதலில் சாலையைக் கேட்பதில்லை. படத்தில் ஓர் எண்ணைக் கேட்கிறார்கள்.

ஆம்தா வட்டாரத்தின் மேற்கு ஓரத்தில் பாடோரா, கோடாபேரியா - சித்நான் என்னும் பஞ்சாயத்துப் பகுதிகள் உள்ளன. முண்டேஸ்வரியும் ரூபநாராயணும் சூழ்ந்திருத்தலால் அவற்றைத் தீவுப் பகுதி என்றே இங்குள்ளோர் அழைப்பர். மாவட்டத்தோடு அவற்றை நெடுங்காலம் இணைத்து வந்தவை மூங்கில் பாலங்கள். 'சாங்கோ' என்று அதற்குப் பெயர். வெள்ளம் வந்தால் பாலம் போய்விடும், படகு வரும். நீர் வடிந்தபின் மீண்டும் மூங்கில் கட்டுவார்கள். ஹவுரா நிலையத்திலிருந்து ஒரு பகல் பயணத்துக்குள் அடங்கும் இடம் அது. பிள்ளைப்பேற்றுக்கு நோவுகண்ட பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு அந்த மூங்கிலின்மேல் நடக்கவேண்டிய வீட்டாரிடம் போய், மூங்கில் பாலம் சாலை வலையில் சேருமா சேராதா என்று ஆராய்ந்துகொண்டிருக்க நம்மால் இயலாது. ஆனால் பட்டியல் எழுதுவோர் அதை ஆராய்ந்தே ஆகவேண்டியிருக்கிறது.

மஞ்சள் தலைக் கற்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டோம். ஹவுரா மாவட்டத்தைக் குறுக்கே கடந்து தூலாகட், உலுபேரியா, பாக்னான் வழியாகக் கோலாகாட்டுக்குச் செல்லும் நெடுஞ்சாலையை இங்குள்ளோர் இன்றும் 'பம்பாய் ரோடு' என்றே சொல்வர். முன்பு 6ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையாக மேற்கு நோக்கி அது சென்றமையால் வந்த பெயர். 2010இல் நாடு முழுவதும் நெடுஞ்சாலைகளின் எண்களை மாற்றியமைத்தபோது, இந்தப் பகுதி 16ஆம் எண் சாலையாயிற்று. அந்த 16ஆம் எண் சாலை கரக்பூரில் தெற்கே திரும்பி, பாலேஸ்வரம், புவனேஸ்வரம், விசாகப்பட்டினம், விஜயவாடா, நெல்லூர் வழியாகச் சென்னையில் போய் முடிகிறது! நண்பரிடம் இதனைச் சொல்லி, "இனிமேல் இதை மெட்ராஸ் ரோடு என்று சொல்லக்கூடாதா?" என்று கேட்டோம். "தாதா, நீங்கள் எண்ணை மாற்றலாம், பெயரை எப்படி மாற்றுவீர்கள்?" என்றார் அவர்.

பாக்னானில் அந்தப் பெருஞ்சாலையை விட்டுத் தெற்கே திரும்பினால், ஷியாம்பூரைத் தாண்டிக் காதியாராவுக்குப் போகலாம். மாநிலத்தின் 15ஆம் எண் நெடுஞ்சாலை, தாயின்ஹாட்டில் தொடங்கி வந்து, முடியும் இடம் அதுவே. ரூபநாராயண் ஹூக்ளியில் கலக்கும் முனை; கரை தெரியாத நீர்ப்பரப்பு. சென்ற குளிர்காலத்தில் குடும்பத்தோடு அங்கே சென்றிருந்தோம். பச்சைக் கல்லின் சாலை நேராகத் துறைக்கு வந்து நீரின் விளிம்பில் நின்றுவிடுகிறது. அக்கரையில் ஒருபுறம் கிழக்கு மேதினிபூர் மாவட்டத்து கேயோன்காலி. மறுபுறம் தெற்கு இருபத்துநான்கு பர்கானாவின் நூர்பூர். பழைய படங்களில் இத்தகைய இடங்களில் ஒரு புள்ளிக்கோடு இருக்கும். படகுத்துறைகளையும் 1885ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சாலையைப் போலவே ஜில்லாவின் கணக்கில் சேர்த்திருந்தது. சீட்டுக் கொடுக்கும் பையனிடம் நம் மகள், தான் புதிதாகக் கற்ற வங்காளத்தில், "ஏ காட் கார்?" என்று கேட்டாள். இந்தத் துறை யாருடையது என்று. அவன் சிறிது யோசித்துவிட்டு, படகு புறப்படப் போகிறது, சீக்கிரம் ஏறுங்கள் என்றான்.